மங்கொளி மண்டலத்தில் மீன் எண்ணுவது

அன்பர்களே, கடலில் 200 மீட்டருக்கும் 1000 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தைத்தான் மங்கொளி மண்டலம் என்கிறோம். அங்கே எவ்வளவு மீன் இருக்கிறது? 1980-ல் சொன்ன கணக்கு ஏறத்தாழ 100 கோடி டன். 2014-ல் வந்த கணக்கு 1000 கோடி டன்னை ஒட்டியது. இடையில் மீன் பத்து மடங்கு பெருகவில்லை. அளந்த கருவிதான் மாறியது. முன்னது வலையை நம்பியது, பின்னது ஒலியை அனுப்பிக் கேட்கும் எதிரொலியை. இரண்டிலும் ஓட்டை உண்டு.

முதலில் வலை. அங்கே வாழும் விளக்குமீன்கள் விரல் நீளமே இருக்கும். ஆனால் கண் பெரிது, மங்கிய வெளிச்சமும் தப்பாது. இழுபடும் வலையில் மோதும் ஒளிரும் உயிர்கள் மினுங்கும்போது, வலை வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மீன் விலகிப் போகிறது. விலகாதது வலையின் முன்பகுதியிலுள்ள பெரிய கண்ணி வழியே நழுவுகிறது. வாய் திறந்தபடியே வலையை மேலே தூக்கினால், வழியில் உள்ள மேல்மட்ட மீன்களும் சேர்ந்துகொள்ளும். எது எந்த ஆழத்தது என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே சட்டத்தில் பல வலைகளைக் கட்டி, குறித்த ஆழத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறார்கள்.

ஒலியின் கதை இன்னும் சிக்கலானது. 1942-ல் கலிபோர்னியா கடலில் ஒலிக்கருவிகளைச் சோதித்தவர்களுக்கு, உண்மையான கடல்தரைக்கு வெகு மேலே, தரைபோலவே எதிரொலிக்கும் ஒரு படலம் தென்பட்டது. 1945-ல் மார்ட்டின் ஜான்சன் அது இரவில் மேலேறுவதைக் காட்டினார். தரை ஏறுமா? ஏறியவை உயிர்கள்.

எதிரொலியைப் பெரிதும் தருவது மீனின் சதையல்ல, அது மிதக்க உதவும் காற்றுப்பை. பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ் ஒலியில்தான் அளக்கிறார்கள். காற்றுக்குமிழி தனக்கு இசைந்த அதிர்வெண்ணில் அளவுக்கு மீறி முழங்கும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும்; 500 மீட்டரில் அது மேற்பரப்பைப் போல 51 மடங்கு. குமிழி சுருங்க, இசையும் அதிர்வெண் ஏறும். ஆகவே பலத்த எதிரொலி வந்தால் மீன் அதிகம் என்று பொருளாகிவிடாது. போதாக்குறைக்கு, காற்று மிதவை கொண்ட சைஃபனோஃபோர் என்ற ஜெல்லி உயிரும் மீன்போலவே ஒலிக்கும். குறைகுடம் கூத்தாடுகிறது!

பல அதிர்வெண்களில் அளந்து ஒப்பிட்டால் இவற்றைப் பிரிக்கலாம். ஆனால் 120, 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி கப்பலிலிருந்து அவ்வளவு ஆழம் எட்டாமல் நீரிலேயே தேய்ந்துவிடும். எனவே கருவியையே கம்பியில் கட்டி, படலத்துக்குள் இறக்க வேண்டும். கூடவே கேமரா வைத்தால் நல்லது. அதன் விளக்கு சிவப்பாக இருக்கட்டும், பெரும்பாலான மீன்களுக்குச் சிவப்பு தெரியாது.

இத்தனை செய்தாலும் சைக்ளோதோன் தப்பிவிடும். எண்ணிக்கையில் முதுகெலும்பிகளிலேயே முதலிடம் இந்தச் சிறுமீனுக்குத்தான் என்று கருதுகிறார்கள். பல இனங்களில் வளர்ந்த மீனின் காற்றுப்பையைக் கொழுப்பு அடைத்துவிடுவதால், ஒலிக்கு அது கிட்டத்தட்ட இல்லாத மீன். நல்லவேளை, வேகமாக நீந்தாது. கண்ணி நுணுக்கமாக இருந்தால் வலையில் விழும். விளக்குமீனுக்கு ஒலி, சைக்ளோதோனுக்கு வலை என்று இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே இரவில் இறக்கினால்தான் கணக்கு ஓரளவு தேறும்.