உண்ணியின் பெயர் ஒட்டிக்கொண்ட செடி

நேயர்களுக்கு வணக்கம்.

குரோட்டன்ஸ் என்றால் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். தொட்டியில் ஒரே ஒரு செடி நின்றாலும் குரோட்டன்ஸ்தான். கடைசியில் வரும் ‘ஸ்’ ஆங்கிலப் பன்மை என்பதே நமக்கு மறந்துவிட்டது. இலையில் பச்சையைத் தவிர வேறு நிறம் தெரிந்தால் போதும், கோலியஸையும் டிரசீனாவையும்கூட அந்தப் பெயரிலேயே அழைத்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பெயர் இந்தச் செடிக்கே சொந்தமில்லை.

கிரேக்க மொழியில் ‘குரோட்டோன்’ என்றால் உண்ணி. ஆமாம், மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிற அதே உண்ணிதான். ஆமணக்கு விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள், கொழுத்த உண்ணி போலவே இருக்கும். அதனால் கிரேக்கர்கள் ஆமணக்கையும் அந்தச் சொல்லால் அழைத்தார்கள். பின்னாளில் அந்தக் குடும்பத்திலேயே வேறொரு பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளின் கூட்டத்துக்கு, அது பெயராயிற்று. கடும் பேதியை உண்டாக்கும் நேர்வாளம் அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் நம் வண்ணச் செடியையும் அதோடு சேர்த்து ‘குரோட்டன் வேரிகேட்டம்’ என்று எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர்கள் அதைப் பிரித்து ‘கோடியேயம் வேரிகேட்டம்’ ஆக்கினார்கள். புத்தகத்தில் பெயர் மாறியது, மக்கள் வாயில் மாறவில்லை.

கோடியேயம் என்பது செடியின் சொந்த மண்ணிலிருந்து, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளின் பேச்சிலிருந்து வந்த சொல். அதை எழுத்தில் பதித்தவர் 17-ஆம் நூற்றாண்டில் அங்கே அம்போன் தீவில் வாழ்ந்த தாவர ஆய்வாளர் ரம்ஃபியஸ். 1670-இல் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. அப்புறமும் பிறர் துணையோடு அந்தத் தீவின் செடிகொடிகளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1741-இல்தான் நூல் அச்சேறத் தொடங்கியது. இத்தனை நிறம் கொண்ட செடியைப் பற்றி நமக்குச் சொல்லிவைத்தவர் பார்வை இழந்த ஒருவர் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சரி, அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? பல வகைகளில் தளிர் பச்சையும் மஞ்சளுமாக விடுகிறது. இலை முதிர முதிரப் பச்சையம் குறைந்து, ஆரஞ்சும் சிவப்பும் கருஞ்சிவப்பும் மேலெழுகின்றன. மஞ்சளையும் ஆரஞ்சையும் தருவது கரோட்டினாய்டு என்ற நிறமி, சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அதனால் ஒரே கிளையில் நுனி ஒரு நிறமாகவும் அடி வேறு நிறமாகவும் இருக்கும். செடியின் வயதை மேலிருந்து கீழாகப் படிக்கலாம்.

இந்த நிறத்துக்கெல்லாம் வெளிச்சம் வேண்டும். அழகாக இருக்கிறதே என்று இருட்டு மூலையில் கொண்டுபோய் வைத்தால், கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் பிடிக்கப் புதிய இலைகள் பச்சையாகவே வரும். அது நோயல்ல, பிழைக்கும் வழி. அதற்காக ஒரே நாளில் தூக்கிக் கடும் வெயிலிலும் வைக்காதீர்கள். இடம் மாற்றினால் தாங்காத செடி இது. நானே ஒருமுறை நன்றாகத் தழைத்திருந்த செடியை அறைக்குள் மாற்றி வைத்தேன். சில நாட்களில் பாதி இலை கொட்டிவிட்டது. பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரையும் அழுகவிட்டேன். அப்போது சும்மா விட்டிருந்தாலே துளிர்த்திருக்கும். மண் மேலாகக் காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும். குளிர் மட்டும் ஆகாது. காற்று மிகவும் வறண்டிருந்தால் இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வரும், அங்கே அடிக்கடி பாருங்கள்.

கிளையை ஒடித்தால் பால் வடியும். சிலருக்குத் தோலில் அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இலையை மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலையின் வடிவத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போதாது. நாடா போல நீண்டது, திருகுசுருளாக முறுக்கியது, மஞ்சள் பொடி தூவியது போலப் புள்ளி வைத்தது என்று எத்தனையோ. என் மனம் கவர்ந்தது ஒன்று உண்டு. அதில் இலை பாதியில் நின்றுவிடும், வெறும் நடுநரம்பு மட்டும் நூல் போல நீளும், அதன் முனையில் இன்னொரு குட்டி இலை தொங்கும்.

இதற்குப் பூவும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மெல்லிய நீண்ட காம்பில் ஆண் பூக்கள் வெள்ளைப் பஞ்சு போல இருக்கும், பெண் பூக்கள் தனிக் காம்பில் வரும். அவற்றின் விதையை முளைக்க வைத்தால் பிள்ளைகள் தாய் போல இருக்கும் என்று நம்ப முடியாது. பிடித்த நிறம் அப்படியே வேண்டுமென்றால் குச்சி வெட்டித்தான் நட வேண்டும். சில சமயம் ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் புது நிறத்தில் கிளம்பும். அதை வீசிவிடாதீர்கள். கொஞ்சம் முற்றியதும் வெட்டி, பால் வடிவது நிற்கும்வரை வைத்திருந்து, தனித் தொட்டியில் ஊன்றிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.