கம்ப்யூட்டருக்கும் முறைப்பாசனமா?

(தலைப்பு: கணினி ஆர்வலர்களின் இணைய அரட்டை அறிவை வளர்க்கிறதா, பொழுதை அழிக்கிறதா? ‘அறிவை வளர்க்கிறது’ அணியில் பேசிய உரை.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கும் கும்பகோணத்து மக்களுக்கும் வணக்கம். மற்ற மரியாதைகளை எனக்கு முன்னால் பேசியவர்கள் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். நான் நேராக எதிரணி அண்ணனிடம் வருகிறேன்.

அண்ணன் என்ன சொல்லிவிட்டுப் போனார்? “ராத்திரி பன்னிரண்டு மணிவரை கண்விழித்துக் கேலி பேசிவிட்டு, கடைசியில் இவர்கள் சொல்கிற ஒரே வைத்தியம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணு! இதைச் சொல்ல எதற்கு இத்தனை பேர்? எங்கள் அப்பத்தாவே சொல்லும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நன்றாகத்தான் தட்டினீர்கள், எனக்கு இன்னும் காது அடைக்கிறது.

நான் கேட்கிறேன், அந்த வைத்தியத்தில் என்ன குறை? ஒரு மென்பொருள் ஓடும்போது நினைவகத்தில் இடம் வாங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒழுங்காக எழுதப்படாத மென்பொருள் கொடுக்காது. வாய்க்காலை வளைத்துக் கொட்டகை போட்டவர் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இடம் குறைந்து, கடைசியில் கம்ப்யூட்டர் நகர மறுக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால், ரேம் என்கிற அந்த நினைவகத்தில் இருப்பது அத்தனையும் போய்விடும். மறுபடி போட்டால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். இதுதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதின் ரகசியம். எதிரணி அண்ணனின் அப்பத்தாவுக்கு வைத்தியம் தெரிந்திருக்கிறது, சந்தோஷம். அது ஏன் பலிக்கிறது என்று எங்கள் அரட்டையில் வந்து உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம். அப்பத்தாவையே சேர்த்துக்கொள்கிறோம், எங்களுக்கு வயது ஒரு தடை இல்லை.

ஆனால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானா? நீடாமங்கலம் பக்கத்தில் என் பெரியப்பா மகன் உரக்கடை வைத்திருக்கிறார். ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள். கஜா புயலுக்கு முந்தைய காலம். பில் போட ஒரு கம்ப்யூட்டர். காலை எட்டரைக்குக் கடை திறப்பார். டாண் என்று ஒன்பது மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் பொத்தென்று அணைந்து, தானே எழுந்துகொள்ளும். அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் கிடையாது. மறுநாள் காலை ஒன்பது மணி, மறுபடி பொத்து! வரிசையில் விவசாயிகள் நிற்கிறார்கள், யூரியா மூட்டை வண்டியில் ஏறிவிட்டது, பில் பாதியில் போச்சு. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பழுது பார்ப்பவர் வந்தார். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, போச்சு என்று மாற்றினார். மறுநாள் ஒன்பது மணி, பொத்து. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுநாள் பொத்து. மதர்போர்டே போச்சு, புதிது வாங்குங்கள் என்றார். அண்ணன் எனக்குப் போன் செய்து, “தம்பி, ராத்திரியெல்லாம் அந்த வாட்ஸ்அப்பில் என்னமோ பேசிக்கிறீங்களே, அங்கே கேளேன்” என்றார்.

எங்கள் குழுவில் கேட்டேன். ஆரம்பித்தது பாருங்கள் கச்சேரி! திருவையாற்றுக்காரர், “ஒன்பது மணிக்கு ராகுகாலமா இருக்கும்” என்றார். உடனே மன்னார்குடிக்காரர், “சனிக்கிழமைதான் ஒன்பதுக்கு ராகுகாலம். திங்கட்கிழமை ஏழரைக்கே வந்துடும். உங்க கம்ப்யூட்டருக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியலை” என்றார். துபாயில் இருக்கும் ஒருவர், “விண்டோஸை அழிச்சிட்டு லினக்ஸ் போடு” என்றார். இரண்டும் கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள். அவர் எதற்கும் அதையே சொல்வார். முழங்கால் வலி என்று சொல்லிப் பாருங்கள், லினக்ஸ் போடு என்பார். சிரித்துச் சிரித்து மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

அப்போது முத்துப்பேட்டையிலிருந்து ஒரு பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், ஒரே ஒரு வரி போட்டான். “அண்ணே, உங்க ஊர்ல கம்ப்யூட்டருக்கும் முறைப்பாசனமா? ஒன்பது மணிக்கு மேலதான் கரண்டைத் திறந்து விடுவாங்களா?”

குழு முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறது. மேட்டூரிலிருந்து தண்ணீர் குறைவாக வரும் வருஷத்தில் சில நாள் திறந்து, சில நாள் அடைத்து, முறை வைத்து விடுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பாபநாசத்தில் இருக்கிறார், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் வாயே திறக்க மாட்டார். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கேட்டார்: “தம்பி, உங்க பக்கம் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருது?”

அண்ணனை எழுப்பிக் கேட்டேன். ஒன்பது மணிக்கு!

பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். கம்ப்யூட்டர் விழுகிற நேரம் ஒன்பது. மும்முனை மின்சாரம் வருகிற நேரமும் ஒன்பது. வயல் முழுக்க மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். மின்சாரம் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகிறது. மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் மின்னழுத்தம் சரிகிறது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை ஏறக்குறைய 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் முடியாது. பொத்து! கடையில் இருந்ததெல்லாம் எல்.இ.டி. விளக்கு, அது கண் சிமிட்டாமல் எரிந்தது. ஃபேன் சுற்றிய வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மின்சாரம் தடுமாறினால் பேட்டரியில் கம்ப்யூட்டரைத் தாங்குகிற யூ.பி.எஸ். இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! பாபநாசத்துக்காரரும் அதைத்தான் கேட்டார். போய்ப் பார்த்தால் அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, வெறும் பிளக் பாயிண்டாக உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி மாற்றினார்கள். மறுநாள் ஒன்பது மணிக்குக் கடையில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள். ஒன்பது அடித்தது. ஒன்பது ஒன்று. ஒன்பது ரெண்டு. யூ.பி.எஸ். மட்டும் ‘கீங்’ என்று ஒரு சத்தம் போட்டது. பில் வந்தது!

நடுவர் அவர்களே, மதர்போர்டு வாங்க வைத்திருந்த காசு தப்பியது. தப்ப வைத்தது எது? அந்தப் பையனின் கேலி. முறைப்பாசனம் என்று அவன் கிண்டல் செய்திருக்காவிட்டால் அந்தப் பெரியவருக்கு மும்முனை மின்சாரம் நினைவுக்கு வந்திருக்காது. எதிரணி அண்ணன் கேலியைத் தனியாகவும் அறிவைத் தனியாகவும் பிரித்து வைத்துப் பேசினார். எங்கள் குழுவில் அந்த ராத்திரி பதினொன்றரைக்கு அது எங்கே பிரிந்தது, அவர் வந்து காட்டட்டும்.

இது நீடாமங்கலத்துக் கதை மட்டுமில்லை. நீங்கள் எல்லோரும் போனில் ஒரு சிரிக்கிற முகம் அனுப்புகிறீர்களே, அது எங்கே பிறந்தது? 1982 செப்டம்பர் 19, அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் ஆட்கள் இணைப்பில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் அறுந்து விழுந்தால் உள்ளே இருக்கும் பாதரசம் என்ன ஆகும் என்று விளையாட்டாக ஒரு கேள்வி. அதை வைத்து ஒருவர் லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று கிண்டலாக எச்சரிக்கை போட, சிலர் உண்மை என்று நம்பிவிட்டார்கள். இனிமேல் கேலி என்றால் அடையாளம் வைப்போம் என்று ஸ்காட் ஃபால்மன் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஒரு அடைப்புக்குறி போட்டுக் காட்டினார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகம்! எதிரணி அண்ணன் இன்று காலையில்கூட எனக்கு ஒரு சிரிப்பு முகம் அனுப்பினார். அது எங்கள் அரட்டைக்காரர்கள் வீட்டுச் சொத்து.

டிகிரி காபி ஊரில் நின்றுகொண்டு காபியைச் சொல்லாமல் போகலாமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 1991இல் ஒரு பெரிய பிரச்சினை. மாடி ஏறிப் போனால் காபிப் பானை காலி. பானைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே காபி இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1993இல் அதை வலையில் இணைத்தார்கள். உலகமே அந்தப் பானையைப் பார்த்தது. இன்று துபாயில் இருக்கிற மகன் முகத்தை இங்கே அம்மா பார்க்கிறாள் என்றால், வலையில் வந்த முதல் கேமரா என்று சொல்லப்படுவது அந்தக் காபிப் பானைக் கேமராதான். அதே 1991, ஆகஸ்ட் 25இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், பொழுதுபோக்காக ஒன்று செய்கிறேன், பெரிதாகவெல்லாம் வராது என்று சக ஆர்வலர்களிடம் எழுதினார். அதுதான் லினக்ஸ். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே ஓடுகிறது. துபாய்க்காரர் சொல்வதும் ஒருவகையில் சரிதான்.

அதெல்லாம் வெளிநாடு என்கிறீர்களா? சரி, சாரங்கபாணி சன்னதித் தெருவுக்கே வருகிறேன். அந்தத் தெருவில் வளர்ந்த ராமானுஜன் லண்டனில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். பார்க்க வந்த கணிதப் பேராசிரியர் ஹார்டி, நான் வந்த டாக்ஸி எண் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்றார். வெறும் பேச்சு! படுத்திருந்தவர், இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்றார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும். ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். ஹார்டி அன்றைக்கு நலம் மட்டும் விசாரித்துவிட்டுப் போயிருந்தால்?

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், அனுமதியுங்கள்.

2018 நவம்பர் 16. கஜா கரை கடந்த விடியல். முத்துப்பேட்டையில் தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் அடங்கின. எங்கள் குழுவில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து நலம் சொன்னார்கள். அந்தப் பையன் மட்டும் வரவில்லை. ஒரு நாள் போச்சு, இன்னொரு நாளும் போச்சு. நாங்கள் எழுதி எழுதிப் பார்க்கிறோம், ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

பாபநாசத்துப் பெரியவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழற்றினார். தண்ணீர் கேன், மெழுகுவர்த்தி, அரிசி எல்லாம் ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றினார். வழியெல்லாம் மரம் கிடக்கிறது, சுற்றிச் சுற்றிப் போனார். அவர் அந்தப் பையனை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. பாலிடெக்னிக் பெயரைச் சொல்லி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பையன் என்று தெருத்தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்தார். ஓடு போன வீடு. பையன் கூரையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா வெளியே வந்து, “ஐயா, நீங்க யாரு?” என்று கேட்டார்கள்.

அவர் சொன்னார்: “உங்க பையன்கூட ராத்திரியில அரட்டை அடிக்கிறவன்மா.”

அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்த போன் எல்லாம் அந்த இன்வெர்ட்டரில்தான் சார்ஜ் ஏறியது. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு அம்மாக்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல முடிந்தது.

நடுவர் அவர்களே, அந்தப் பெரியவர் இன்று இந்தப் பந்தலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கள் என்றால் கோபித்துக்கொள்வார், நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் அவர் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் முத்துப்பேட்டைப் பையன். எதிரணி அண்ணன் கீழே இறங்கிப் போய், நீங்கள் இருவரும் பொழுதை அழித்தீர்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொல்லிவிட்டால் நீங்கள் அவருக்கே தீர்ப்பைக் கொடுங்கள். வணக்கம்.