கட்டியா, உறைச் சிதைவா?

நேயர்களுக்கு வணக்கம். மூளையில் ஊசி விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டவுடன் எந்தக் குடும்பமும் கலங்கிப்போகும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதையும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு பயாப்சி தேவையே இல்லை. எம்.ஆர்.ஐ. படமும் தண்டுவட நீரும் போதும். ஆக்வாபோரின்-4, மாக் (MOG) ஆகிய புரதங்களுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்களை ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், சிலருக்கு இந்தச் சிதைவு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் பெரிதாகி, சுற்றிலும் வீக்கத்தோடு, அச்சு அசலாகப் புற்றுக்கட்டி போலவே தெரியும். மருந்து ஏற்றி எடுத்த படத்தில் அதன் ஓரத்தில் ஒளிரும் வளையம் முழுமையடையாமல் ஒரு பக்கம் திறந்திருந்தால் அது உறைச் சிதைவுக்கு நல்ல தடயம். ஆனால் தடயம் தீர்ப்பாகாது. அப்போதுதான் ஊசி.

வருவது அரிசி மணியளவுத் துணுக்கு. அதில் ஒரு பொட்டைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்க்கும் முதல் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. செல்கள் நெருக்கமாக இருக்கும். நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் பெருத்து, அவற்றில் சிலவற்றில் உட்கரு பல துண்டுகளாகத் தெரியும். கிரொய்ட்ஸ்ஃபெல்ட் செல்கள் என்று பெயர். அவசரக் கண்ணுக்கு அது புற்று செல் பிரிவதாகவே படும். தேட வேண்டியது சிதைவுகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை. நுரைத்த உடலோடு கூட்டமாக நிற்கும். மையலினை நீலமாக்கும் லக்சால் நீலச் சாயம் ஏற்றினால், மையலின் இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கும். மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிய மையலின் துகள்கள் அவற்றின் வயிற்றுக்குள் நீலப் பொட்டுகளாகத் தெரியும். அடுத்த சாயத்தில் ஆக்ஸான்கள், அதாவது உள்ளே இருக்கும் நரம்பிழைகள், பெரும்பாலும் பிழைத்திருக்கும். மேலுறை உரிந்த மின்கம்பி போல. இதைத் தவறவிட்டுக் கட்டி என்று எழுதினால், நோயாளி கதிர்வீச்சுக்குப் போவார். மையலின் நோயில் கதிர்வீச்சு கெடுதலைக் கூட்டவே செய்யும்.

எனவே மருத்துவ நண்பர்களிடம் வலியுறுத்திக் கேட்கிறேன்: துணுக்கோடு படத்தையும் நோயாளியின் கதையையும் அனுப்புங்கள். வெறும் "மூளைக் கட்டி" என்று எழுதிய சீட்டு பரிசோதகரின் கண்ணைக் கட்டிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை என்றால், பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். லிம்ஃபோமா என்ற நிணநீர் செல் புற்று அந்த மருந்தில் கரைந்துவிடும். மிஞ்சிய மேக்ரோஃபேஜ்கள் உறைச் சிதைவு போலக் காட்டி ஏமாற்றும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. அறிக்கையில் உறைச் சிதைவு என்று வந்த நிம்மதியில் மறு ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். அரிதாக, அப்படி அறிக்கை வந்த சிலருக்குப் பல மாதங்கள் கழித்து லிம்ஃபோமா தலைகாட்டியிருக்கிறது.