எட்டுக் குடித்தனமும் ஒரு மோட்டாரும்

(ராயபுரத்தில் வாசகர் கூட்டமொன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற அன்று காசிமேட்டில் எத்தனை மொட்டை மாடியில் ஆள் ஏறி வடக்கே பார்த்து நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 மே 5 சாயங்காலம் போனது அக்கம்பக்கத்து நாடுகளுக்காக நம் செலவில் செய்த செயற்கைக்கோள். எடை 2,230 கிலோ. சார்க், அதாவது இன்று எட்டு நாடுகள் இருக்கிற தெற்காசியக் கூட்டமைப்பு; அதன் பெயரில் சார்க் செயற்கைக்கோள் என்றுதான் முதலில் பேச்சு. பாகிஸ்தான் சேரவில்லை, தெற்காசிய செயற்கைக்கோள் என்று பெயர் மாறியது.

1985-இல் டாக்காவில் சார்க் தொடங்கியபோதே எந்த முடிவும் ஒருமனதாகத்தான் எடுக்க வேண்டும் என்று சாசனத்தில் எழுதிவிட்டார்கள். எட்டுக் குடித்தனம் இருக்கிற வீட்டில் ஒருத்தர் பங்குப் பணம் தர மாட்டேன் என்றால் தண்ணீர் மோட்டார் ரிப்பேராகாமல் கிடக்குமே, அந்தக் கதைதான். 2014-இல் காத்மாண்டுவில் கூடியதோடு சரி, அப்புறம் தலைவர்கள் மாநாடே கூடவில்லை.

அதனால் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்காமல் இரண்டிரண்டு நாடாகப் பேசுகிறோம். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யுபிஐ வந்தது அப்படித்தான். நல்லதுதான். ஆனால் எட்டு நாடும் இப்படி ஜோடி ஜோடியாகப் பேசினால் மொத்தம் 28 பேச்சுவார்த்தை! அதிலும் பெரிய நாடு சொல்வதுதான் எடுபடும். நாம் பெரிய பக்கத்தில் இருப்பதால் இது நமக்கு உறைப்பதில்லை.

போன வருஷம் குடும்பத்தோடு அரிச்சல்முனை போயிருந்தோம். மண்ணில் நின்றுகொண்டிருக்கிறேன், 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று போனில் மெசேஜ். "மாமா, டேட்டாவை ஆஃப் பண்ணுங்க, பில் எகிறிடும்!" என்று மருமகன் போனைப் பிடுங்கிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பதற்றம் 2017 ஜூன் 15-ஓடு போய்விட்டது. சொந்த ஊர்க் கட்டணத்திலேயே பக்கத்து நாட்டிலும் பேசலாம். அங்கே இதற்குப் பெரும்பான்மை போதும். சட்டம் எல்லா நாட்டையும் கட்டும்.

அந்த அளவுக்கு நாம் போக மாட்டோம். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வழி நமக்குச் சரிப்படும். அங்கேயும் ஒருமனம்தான் வழக்கம். ஆனால் 2008-இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தில் ஒரு சன்னல் வைத்தார்கள்: பொருளாதார ஒப்பந்தங்களில் தயாராக இருப்பவர்கள் முன்னே போகலாம், மற்றவர்கள் பிறகு வந்து சேரலாம். அப்படிப் போகலாமா என்பதற்கே ஒருமனம் வேண்டும் என்பது வேறு விஷயம்!

நம் பக்கம் ரோமிங்கிலிருந்து தொடங்கலாம் என்பேன். இந்தியாவும் இலங்கையும் முதலில் கையெழுத்திடட்டும். நேபாளமோ வங்கதேசமோ பின்னால் வந்தால் அதே தாளில், அதே நிபந்தனையில் கையெழுத்துப் போட இடம் விட்டு வைக்கட்டும். சரி, டீ வந்துவிட்டது. கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.