அந்தச் சுண்டுவிரல்

நடுவர் அவர்களுக்கும் திருகோணமலைச் சபைக்கும் வணக்கம். பள்ளி விளையாட்டில் நெஞ்சில் நிற்பது வென்ற கிண்ணமா, கூட ஆடிய தோழியா? தோழிதான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தம்பி சற்று முன் கேட்டார்: "அக்கா புகழும் தோழி ஒரு கோலாவது போட்டாரா?" நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, அவள் கோல் கீப்பர்! வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேர் ஆடுகிறார்கள். கோல் போட இருவருக்கு மட்டுமே அனுமதி. எங்கள் வளையத்தடியில் நின்று தடுத்தவள் ஆயுள் முழுக்க ஆடினாலும் கோல் போட முடியாது. சட்டம் அப்படி. வாசற்கதவைப் பார்த்து, நீ ஏன் சோறு சமைக்கவில்லை என்று கேட்பீர்களா?

1974 இல் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தோல் பந்து. மூதூரில் போட்டி. வழியில் கிண்ணியாவில் பாலம் 2009 இல்தான் வந்தது. அன்று 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறித்தான் நீரைக் கடக்க வேண்டும். நடு நீரில் பந்து உருண்டது. விளிம்புக்குப் போனது. விழுந்தேவிட்டது! நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். அவள் வெள்ளைச் சீருடையோடு குதித்துவிட்டாள். மறுபடியும் சொல்கிறேன், சீருடையோடு! அவளுக்கு நீந்தத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. டீச்சர் கதறுகிறார், பாதைக்காரர் கயிற்றோடு ஓடி வருகிறார். அவளோ பந்தை நெஞ்சோடு அணைத்து, ஒரு கையால் நீந்தி வருகிறாள். ஏறியதும் முதல் வார்த்தை: "பந்துக்குள் தண்ணீர் போயிருக்குமா டீச்சர்?"

போயிருந்தது. தோல் நீரைக் குடித்துப் பந்து பலாக்காயாகக் கனத்தது. வளையமோ 10 அடி உயரத்தில். இரு பக்கமும் எறிந்து எறிந்து தோள் கழன்றது. எப்படியோ ஒரு கோல் முந்தினோம். கடைசி நிமிடத்தில் அவர்கள் எறிந்த பந்தை அவள் எகிறித் தட்டினாள். காய்ந்த ஈர்க்கு முறிவதுபோல ஒரு சத்தம். அவளது வலது சுண்டுவிரல். வென்றது நாங்கள்.

தம்பி, அந்தக் கிண்ணம் எங்கே என்று கேளுங்கள். 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது கிண்ணமும் போனது, குழுப் படமும் போனது.

போன வருடம் உப்புவெளியில் அவளுடைய செத்த வீட்டுக்குப் போனேன். கைகளைக் கூப்பி வைத்திருந்தார்கள். மற்ற விரல்கள் பொருந்தியிருந்தன. அந்தச் சுண்டுவிரல் மட்டும் வளைந்து வெளியே நின்றது. மகள் அதை நேராக்கி நேராக்கிப் பார்த்தாள். "விடு பிள்ளை, அது அப்படித்தான்" என்றேன்.

"ஏன் மாமி?" என்றாள். ஐம்பது வருடமாகத் தாய் அவளிடம் சொல்லவேயில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணியாப் பாதையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.