அண்ணன் ரத்தமும் தம்பி ரத்தமும்

நேயர்களுக்கு வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள். ஒரே அடுப்பு, ஒரே எருமைப் பால், அம்மா உருக்கும் நெய். அண்ணன் நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்குகிறவர். கிள்ளினால் சதை அகப்படாது. தம்பி கடையில் உட்கார்ந்தே பருத்தவர். சென்ற கார்த்திகையில் இருவரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு என்னிடம் வந்தார்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு தம்பிக்கு 112, அண்ணனுக்கு 238. சீட்டு மாறிவிட்டது என்று அண்ணன் சண்டைக்கே நின்றார். மாறவில்லை.

ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. எல்டிஎல்லைக் கொலஸ்டிரால் மூட்டை ஏற்றிய ஜீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டிவீரன்பட்டிக் கிட்டங்கி வாசலில் சுமை இறக்க ஆள் இருந்தால் வந்த ஜீப் உடனே காலியாகும். ஆள் குறைந்தால் தெருவை அடைத்து நிற்கும். கல்லீரல் வாசலில் அப்படி இறக்கும் ஆட்கள்தான் எல்டிஎல் ஏற்பிகள். அவற்றைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

வெண்ணெய், நெய், பாமாயில் இவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அந்த ஆட்களைக் குறைக்கிறது. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்தைச் செய்கிற அபோ-ஈ மரபணுவின் நான்காம் வகையைப் பெற்றவர்களுக்குப் பொதுவாக எல்டிஎல் கூடுதலாக ஏறும். எதைத் தின்றாலும் அளவு அசையாதவர்களும் உண்டு. 1991-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 88 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். தினம் 25 முட்டை தின்றும் அவருக்குக் கொலஸ்டிரால் இயல்பாக இருந்தது. அவர் குடல் தின்ற கொலஸ்டிராலில் 18 சதவீதத்தைத்தான் உறிஞ்சியது. இந்தப் பெரியவரைக் காட்டி என்னிடம் வாதாடாத முட்டைப் பிரியர் இல்லை. உங்கள் குடலும் அவர் குடல்தானா என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

உங்கள் உடம்பு எந்த வகை என்று ஓரளவு பார்த்துவிடலாம். நம் மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே காய்க்கிற பட்டர் ஃப்ரூட் இருக்கிறதே, தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தனி ரகமே வெளியிட்ட பழம், அதை வெண்ணெய்க்குப் பதிலாக ஆறு வாரம் சாப்பிடுங்கள். முன்னும் பின்னும் ரத்தம் பாருங்கள். வெண்ணெயோடு சேர்த்துத் தின்றால் வயிறுதான் நிறையும்.

தம்பிக்கு இதுவே போதும். அண்ணனைக் காலை நீட்டச் சொன்னேன். குதிகாலுக்கு மேலே தசைநாண் கட்டைவிரல் பருமனுக்குத் தடித்திருந்தது. செருப்பு உரசிக் காய்த்தது என்று இத்தனை நாள் எண்ணியிருக்கிறார். விரல் முட்டிகளிலும் கடலை அளவு முடிச்சுகள். எல்லாம் படிந்த கொலஸ்டிரால். அவர்கள் அப்பா 44 வயதில், ஜீப் மலை இறங்குவதற்குள், நெஞ்சுவலியில் போனவர். சுமை இறக்கும் ஆட்கள் பிறவியிலேயே பாதியாகக் குறைந்துபோன பரம்பரைக் கோளாறு இது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நெய்யை நிறுத்திய ஆறு வாரத்தில் அவருக்கு 238 என்பது 221 ஆயிற்று. மிச்சத்தை ஸ்டாடின் மாத்திரைதான் இறக்க வேண்டும்.

பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பி தப்பித்துக்கொண்டார். அண்ணன் மகளுக்கு 12 வயது; பள்ளி விடுமுறை விட்டதும் அவளை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.