அம்ப்பை விட்டுவிடுங்கள், கிற்றாரில் கை வையுங்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மாருக்கும், என் அணித் தோழர்களுக்கும், இந்தச் சனசமூக நிலைய முற்றத்தில் பாயிலும் கதிரையிலும் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் கிற்றார் மாறும்போது தொனியைச் சரிசெய்ய வேண்டிய இடம் நாங்கள் அம்ப் என்று சொல்லும் அம்பிளிபயரா, கிற்றாரா? இதுதான் இன்றைய கேள்வி. அம்பிளிபயர்தான் என்று எதிரணித் தலைவர் சொல்லிவிட்டுப் போனார். குமிழ்களை வைத்திருப்பதே திருப்புவதற்குத்தான் என்றார். கிற்றாரின் சத்தக் குமிழைக் குறைத்தால் ட்ரெபிள், அதாவது உச்ச ஸ்தாயி, செத்துவிடும் என்றார். இரவல் கிற்றாரோடு மேடையேறுகிறவன் அதன் திருகாணியில் கை வைக்க முடியுமா என்றும் கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோயில் திருவிழா. எங்கள் இசைக்குழுவில் லீட் கிற்றார் நான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிற்றாருக்கு ஏற்றபடி அம்ப்பைப் பின்னேரமே சரிபண்ணி வைத்திருந்தேன். நாலாவது பாட்டுக்கு லெஸ் போல் வகைக் கிற்றாரைத் தோளில் மாட்டினேன். முதல் கோர்ட் அடித்ததுமே பாடகியின் குரல் மூழ்கிப்போனது. குனிந்தேன். உள்ளே வரும் சமிக்ஞையைப் பெருக்கும் கெயினைக் குறைத்தேன், கீழ் ஸ்தாயியான பேஸைக் குறைத்தேன், மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரையும் இறக்கினேன். அந்தப் பாட்டு ஒருவாறு தப்பியது. ஐந்தாவது பாட்டுக்கு மறுபடி பழைய கிற்றார். குமிழ்கள் முன்பு எங்கே நின்றன? நினைவில்லை. அந்த வெளிச்சத்தில் எண்களும் தெரியவில்லை. ஆறு கிழமை பழகிய என் தனி வாசிப்பு முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனைதான்.

ஏன் இப்படி நடக்கிறது? தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்தான் பிக்கப். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பது சிங்கிள் கொயில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு செப்புக் கம்பிச் சுருள். தொனி பளிச்சென்று இருக்கும். ஆனால் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உம் என்ற இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார். இரண்டு சுருள்கள், சுற்றிய திசையும் எதிர், காந்த முனையும் எதிர். இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிறது, தந்தியின் ஓசை மட்டும் கூடுகிறது. 1957இல் அது லெஸ் போலுக்கு வந்தது. இரண்டு சுருள் சேர்ந்ததால் சமிக்ஞை பலமானது. நடு ஸ்தாயி தடித்து, உச்ச ஸ்தாயி சற்று மங்கியது. அதனால்தான் ஹம்பக்கர் கிற்றாரில் 500 கிலோ ஓம் தடையுள்ள குமிழையும் சிங்கிள் கொயிலில் 250 கிலோ ஓம் குமிழையும் வழக்கமாகப் போடுகிறார்கள். ஒன்றில் ட்ரெபிளைக் காப்பாற்ற வேண்டும், மற்றதில் காது கூசும் கூர்மையைக் கொஞ்சம் தணிக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இந்த வித்தியாசம் அம்ப்புக்குள் பிறக்கவில்லை. வயர் வழியாக உள்ளே போகும்போதே அது இருக்கிறது. பலமான சமிக்ஞை அம்ப்பின் முதல் கட்டத்திலேயே மோதிப் பிசிறிவிடும். உங்கள் பேஸ், நடு ஸ்தாயிக்கான மிட், ட்ரெபிள், மாஸ்டர் எல்லாம் அதற்குப் பின்னால். மாஸ்டரைக் குறைத்தால் சத்தம் குறையும், பிசிறு குறையாது. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுகிற என் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். மிஷின் அளவுக்கு மேல் இறைத்தால் கடைசிப் பாத்தியில் வரம்பு கட்டிப் பயனில்லை, மிஷினடிக்கு ஓட வேண்டும்.

குமிழ் திருப்பத்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். திருப்பத்தான், ஆனால் இடத்துக்காகத் திருப்ப. கோயில் வெளிவீதியில் சுவர் இல்லை, பேஸ் காற்றோடு போய்விடும். கல்யாண மண்டபத்தில் நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், அங்கே பேஸ் குமுறும். மண்டபத்துக்கு மண்டபம் அம்ப்பை மாற்றுங்கள். பாட்டுக்குப் பாட்டு மாற்றாதீர்கள். ஃபெண்டர், மார்ஷல் நிறுவனங்களின் வழியில் வந்த அம்ப்களில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்று குமிழும் ஒரே சுற்றில் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டின் வேலையும் மாறும். எல்லாவற்றையும் 5இல் வைத்தால் சமம் என்று நினைக்கிறோம். அந்த வகையில் மூன்றும் 5இல் நிற்கும்போதே நடு ஸ்தாயி பள்ளமாகத்தான் இருக்கிறது. பழைய ஃபெண்டர் சிலவற்றில் மூன்றையும் 0க்கு இறக்கினால் சத்தமே அநேகமாக நின்றுவிடும். இப்படிப் பின்னிய ஒன்றை இரண்டு பாட்டுக்கு நடுவில், அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குள், குனிந்துகொண்டு சரிசெய்ய முடியுமா?

இதில் நாம் வெளியே போய்ப் பாடம் படிக்கத் தேவையில்லை. நாதஸ்வரக்காரரைப் பாருங்கள். குழலோடு சேர்த்து ஒரு கொத்துச் சீவாளி தொங்கும். ஒன்று ஒத்துவராவிட்டால் அடுத்ததை எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பார். கோயில் ஒலிபெருக்கிக்காரரிடம் போய் ட்ரெபிளைக் கூட்டு என்று சொல்ல மாட்டார். தவில்காரரும் தவிலின் தோலை இறுக்கித்தான் சரிபண்ணுவார். ஓசை பிறக்கும் இடத்திலேயே ஓசையைத் திருத்துவது நம் மேளக்காரர்களுக்குக் கைவந்த பழக்கம்.

சரி, கிற்றாரில் சத்தத்தைக் குறைத்தால் ட்ரெபிள் போகிறதே? உண்மை. போகிறது. குமிழை இறக்கும்போது தடை கூடுகிறது. அந்தத் தடையும் வயரின் கொள்ளளவும் சேர்ந்து உச்ச ஸ்தாயியை விழுங்கிவிடுகின்றன. வயர் நீளமானால் இன்னும் மோசம். ஆனால் இதற்கு மருந்து மிகச் சிறியது. சத்தக் குமிழில் சமிக்ஞை உள்ளே வரும் காலுக்கும் வெளியே போகும் காலுக்கும் குறுக்கே 680 முதல் 1000 பிக்கோஃபரட் வரை உள்ள ஒரு கொன்டென்சரை ஒட்டினால் ட்ரெபிள் அதன் வழியே தப்பிப் போய்விடும். கரண்ட் இல்லாத 90களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. ஒரு கொன்டென்சருக்கு ஈயம் வைக்க இங்கே ஆளில்லாமலா போகும்?

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது பிக்கப் உயரம். காசு செலவே இல்லை, ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். பலமான கிற்றாரின் ஹம்பக்கரைத் தந்தியிலிருந்து அரை மில்லிமீற்றர் தள்ளி இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் காதுக்குத் தெரியும். சத்தம் குறையும், தொனியும் கொஞ்சம் தெளியும். மெலிந்த கிற்றாரின் பிக்கப்பை அளவோடு உயர்த்துங்கள். அதிகம் உயர்த்தினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுத்துவிடும்.

நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். மெலிந்த கிற்றாரை, அதாவது சிங்கிள் கொயிலை முதலில் சொருகுவேன். அதற்குத்தான் அம்ப்பைச் சரிபண்ணுவேன், அதுவும் மேடைச் சத்தத்தில். அறைக்குள் மெதுவாக வைத்துச் சரிபண்ணிக் கொண்டுபோனால் மேடையில் ஏமாற்றிவிடும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே கேட்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அறையில் அந்தக் குறையை நிரப்பக் கூட்டிய பேஸ், மேடையில் குமுறலாகிவிடும். இன்னொன்று, முழங்கால் உயரத்தில் இருக்கும் ஸ்பீக்கரின் கூர்மை வாசிக்கிறவனுக்குக் கேட்காது, எதிரே இருப்பவருக்குத்தான் குத்தும். அதனால் பத்தடி முன்னால் போய் நின்று கேட்பேன். அப்புறம் பலமான கிற்றாரைச் சொருகி, அதன் சத்தக் குமிழை 7க்கோ 6க்கோ இறக்கி, மற்றதோடு ஒப்பிடுவேன். அம்ப்பைத் தொடவே மாட்டேன்.

இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதல்ல என் ஆசை. ஒரே மாதிரி ஒலித்தால் இரண்டு கிற்றார் சுமந்து வருவானேன்? ஒரே சபையில் உட்காரும் அளவுக்குச் சத்தம் பொருந்தினால் போதும். ஒன்று பளிச்சென்றும் மற்றது தடித்தும் இருக்கட்டும்.

கடைசியாக இரவல் கிற்றார். அதன் திருகாணியைத் தொட மாட்டோம். அதற்குத்தான் ஒவ்வொரு ஸ்தாயியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈகியூ பெடல் இருக்கிறது. பொஸ் ஜிஈ-7 போன்ற ஒன்றில் 100 ஹெர்ட்ஸிலிருந்து 6.4 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஏழு தண்டுகள், சத்தத்துக்குத் தனியாக ஒன்று. கிற்றாருக்கும் அம்ப்புக்கும் நடுவில் வைத்து, 200 ஹெர்ட்ஸில் கொஞ்சம் இறக்கி, 3.2 கிலோ ஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏற்றி, சத்தத் தண்டைக் கீழே கொண்டுவந்தால் தடித்த இரவல் கிற்றாரும் அடங்கும். அந்தக் கிற்றாருக்கு மட்டும் பெடலை மிதியுங்கள், மற்றதற்கு நிறுத்திவிடுங்கள். இருட்டில் எண் தேட வேண்டாம், கால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தனி வாசிப்புக்குச் சத்தம் கூட்டும் பூஸ்டரை, வேண்டுமென்றே பிசிறவைக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னால் வைத்தால் பிசிறுதான் கூடும். சத்தம் வேண்டுமென்றால் பின்னால் வையுங்கள்.

நடுவர் அவர்களே, இரண்டு கிற்றாரும் ஓர் அம்ப்பும் இந்த மேடைக்குப் பின்னாலேயே இருக்கின்றன. எதிரணி அண்ணை குமிழைத் திருப்பியபடி மாற்றி மாற்றி வாசிக்கட்டும், நான் அம்ப்பைத் தொடாமல் வாசிக்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.